குறிப்புகளைத் திரையில் பரப்பி அடுக்குவது எப்படி: சேலம், ஏற்காடு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே ‘பலகை’ என்று சொல்வது, கணினித் திரையில் நாலாபுறமும் விரிந்துகொண்டே போகும் வெற்றிடத்தை. அதில் குறிப்புகளைச் சின்னச் சின்ன அட்டைகளாக வைக்கலாம், நகர்த்தலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்கலாம். கேன்வாஸ், ஒயிட்போர்டு என்று செயலிக்குச் செயலி பெயர் மாறினாலும் பொருள் இதுதான்.

நோட்டு இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. பலகை எதற்கு?

நோட்டு நீங்கள் எழுதிய வரிசையை மட்டும்தான் காட்டும். தோட்டத்தில் ஒரே நோயைப் பற்றி மார்ச்சில் ஒரு குறிப்பும் அக்டோபரில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தால் நடுவே நாற்பது பக்கம் கிடக்கும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்ட செய்தி இரண்டே நாளில் மேலே போய்க் கண்ணில் படாமல் போகும். மனம் ஒரே சமயத்தில் பிடித்து வைத்துக்கொள்வதும் கொஞ்சம்தான். 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதைச் சுமார் ஏழு என்றார். 2001-ல் நெல்சன் கோவன் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார். முப்பது குறிப்பை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டுமானால் அவை கண் முன்னே கிடக்க வேண்டும். பலகையின் வேலை அது.

ஆனால் பலகை அலமாரி அல்ல. பில், ரசீது, பட்டா நகல் எல்லாவற்றையும் அதில் கொட்டினால் இரண்டே மாதத்தில் திறக்கவே மனம் வராது. சேமிப்புக்கு ஃபோல்டரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு விடை தேடும்போது மட்டும் பலகை போடுங்கள்.

எந்தச் செயலியில் தொடங்கலாம்?

தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அப்சிடியன் நல்லது. குறிப்புகள் உங்கள் கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும், இணையம் இல்லாமலும் திறக்கும். அதிலுள்ள கேன்வாஸ் வசதிதான் பலகை. வெற்றிடத்தில் இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் அட்டை வரும். அட்டையின் ஓரத்திலிருந்து இழுத்தால் கோடு. கோட்டின் மேல் இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் அதில் எழுதலாம். ஷிஃப்டும் 1-உம் சேர்த்து அழுத்தினால் முழுப் பலகையும் திரைக்குள் அடங்கும். தொடங்க இவ்வளவு போதும்.

சட்டென்று ஒரு படம் வரைந்து காட்ட எக்ஸ்காலிடிரா. உலாவியில் திறந்தாலே போதும், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: வரைந்தது அந்த உலாவியின் நினைவகத்தில்தான் இருக்கிறது. பிரவுசிங் ஹிஸ்டரியோடு தளத் தரவையும் அழித்தால் படமும் போய்விடும். எழுந்திருக்கும் முன் கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

பலர் ஒரே நேரத்தில் கை வைக்க வேண்டுமென்றால் மிரோ, ஃபிக்ஜாம் போன்றவை. இவற்றின் இலவசத் திட்டங்களில் திருத்தக்கூடிய பலகைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மைண்ட் மேப்பும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. 1970-களில் டோனி புசான் பரப்பிய மைண்ட் மேப்பில் நடுவில் ஒரு சொல், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிளையில்தான் தொங்க முடியும். பாடத்தைச் சுருக்க அது அருமையான முறை. ஆனால் ‘நிழல் மரம்’ என்ற குறிப்பு பூச்சிக்கும் சொந்தம், மிளகுக்கும் சொந்தம், மண் ஈரத்துக்கும் சொந்தம் என்னும்போது மரக்கிளை உதவாது.

கருத்து வரைபடம் வேறு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழு 1972-ல் தொடங்கியது. அதில் எதையும் எதனோடும் இணைக்கலாம். கோட்டின் மேல் ‘எப்படி’ என்று எழுதியே ஆக வேண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஜிரோ காவாகிதா நேபாளக் கிராமங்களில் எடுத்த களக்குறிப்புகளை அடுக்க உருவாக்கிய முறை. முதலில் தலைப்பே கிடையாது. ஒரு தகவலுக்கு ஒரு அட்டை என எழுதிப் பரப்பி, உறவு தெரிகிறவற்றை அருகருகே நகர்த்தி, கூட்டம் சேர்ந்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும். குழம்பிக் கிடக்கும் விஷயத்துக்கு இதற்கு ஈடு வேறு இல்லை. முன்கூட்டியே தலைப்பு வைத்தால் தெரிந்ததைத்தான் திரும்ப அடுக்குவோம்.

முதல் பலகையை எப்படிப் போடுவது? உள்ளூர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

சேர்வராயன் மலையில் ஒரு சிறிய காபித் தோட்டம். அராபிகா செடிகள், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு. பிரச்சினை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி. ‘காபி குறிப்புகள்’ என்று பலகைக்குப் பெயர் வைக்காதீர்கள். மேலே பெரிய எழுத்தில் கேள்வியை எழுதுங்கள்: ‘தண்டுத் துளைப்பானைக் குறைக்க எந்த மாதம், எந்தப் பகுதியில், என்ன வேலை?’ பலகைக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை அந்த ஒரு வரியே தீர்மானித்துவிடும்.

அடுத்த 25 நிமிடம் அடுக்கவே கூடாது. நோட்டு, போன், தலைக்குள் இருப்பது எல்லாவற்றிலிருந்தும் அட்டைகளை எழுதி இடப்பக்கம் குவியுங்கள். முப்பது, நாற்பது வரும்.

இப்போது முக்கியமான படி. அட்டைகளை நகர்த்தும் முன், இடம்-வலம் என்றால் என்ன, மேல்-கீழ் என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள். இந்தப் பலகையில் இடமிருந்து வலம் மாதங்கள்; மேலிருந்து கீழ் தோட்டத்தின் பகுதிகள், நிலத்தில் இருப்பது போலவே மேட்டுப் பகுதி மேலே, பள்ளம் கீழே. மாதத்துக்கு ஒரு பெட்டி போட்டுக்கொள்ளுங்கள். அப்சிடியனில் அட்டைகளைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கில் குழு உருவாக்கினால் பெட்டி வந்துவிடும்.

ஆண்டை எங்கே தொடங்குவது? கணக்குப் பழக்கத்தில் பலரும் ஏப்ரலில் தொடங்குவார்கள். இங்கே அது தவறு. துளைப்பானின் வண்டுகள் பறக்கும் காலம் இரண்டு: ஏப்ரல்-மே, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தாக்குண்ட செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி அகற்றும் வேலை அதற்கு முன்னால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் முடிய வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால் மார்ச் வேலை வலது கோடியில் கிடக்கும், அது தடுக்க வேண்டிய ஆபத்து இடது கோடியில் கிடக்கும். இரண்டுக்கும் உள்ள உறவு கண்ணுக்கே தெரியாது. பழம் எடுப்பு ஓய்ந்த பிறகு, பிப்ரவரியில் தொடங்குங்கள். மார்ச்சும் ஏப்ரலும் தோளோடு தோள் நிற்கும்.

இப்படி அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், நவம்பர் முதல் ஜனவரி வரை அட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பழம் எடுப்பு, பல்பிங் (பழத்தோலை நீக்குவது), களத்தில் காயவைப்பது, கூலி. செப்டம்பர் பெட்டியில் ஒன்றோ இரண்டோ அட்டைதான் இருக்கும். அல்லது காலியாக இருக்கும். அந்தக் காலியிடம்தான் விடை. ஆள் கிடைக்கிற மாதத்தில் செய்ய வேண்டிய வேலையை எழுதாமலே விட்டிருக்கிறோம். நோட்டில் எழுதாதது தெரியாது. இடத்துக்குப் பொருள் கொடுத்த பலகையில் எழுதாததும் தெரியும்.

ஒரு அட்டையில் எவ்வளவு எழுதலாம்?

ஒரு கருத்து. 15 முதல் 40 சொல். தலைப்பு இரண்டு முதல் நான்கு சொல், பலகையைப் பாதி அளவுக்குச் சுருக்கினாலும் படிக்கும்படி. அட்டையில் ‘மேலும்’, ‘அதோடு’ என்று எழுதுகிறீர்கள் என்றால் அது இரண்டு அட்டை.

தமிழ்ச் சொற்கள் நீளம். தானாக வரும் அட்டை அகலத்தில் ‘எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ போன்ற ஒரு சொல்லே வரி முழுக்க அடைத்துக்கொள்ளும். அகலத்தை ஒன்றரை மடங்காக்கி, எல்லா அட்டைக்கும் அதே அகலம் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் மாறினால் கண் பொறுத்துக்கொள்ளும்; அகலம் ஆளுக்கொன்றாக இருந்தால் ஒழுங்காக அடுக்கிய பலகையும் கலைந்தது போலவே இருக்கும்.

அம்புக்குறியின் மேல் என்ன எழுதுவது? ஆங்கிலப் பாடங்களில் பார்ப்பது போல எழுதினால் ஒட்டவில்லையே?

நியாயமான சந்தேகம். கருத்து வரைபடம் ‘எழுவாய், வினை, செயப்படுபொருள்’ என்ற ஆங்கில வரிசையை நம்பி எழுந்தது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘நிழல்’ என்ற அட்டைக்கும் ‘துளைப்பான்’ என்ற அட்டைக்கும் நடுவே ‘குறைக்கும்’ என்று எழுதிப் பாருங்கள். ‘நிழல் குறைக்கும் துளைப்பான்’ என்று படிக்கும்போது பூச்சி நிழலைக் குறைப்பது போலவும் பொருள் வருகிறது. ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே குழப்பம்.

அதனால் கோட்டில் ‘இது’வில் தொடங்கும் சொற்களை வையுங்கள்: ‘இதனால் குறைவது’, ‘இதனால் கூடுவது’, ‘இதற்கு முன் வேண்டியது’, ‘இதற்கு ஆதாரம்’, ‘இதோடு மோதுவது’. நிழல், இதனால் குறைவது, துளைப்பான். அம்பு போகும் திசையில் அப்படியே படித்துக்கொண்டு போகலாம். இந்த ஐந்து போதும். ‘தொடர்புடையது’ என்று மட்டும் எழுதாதீர்கள். அருகில் வைத்தாலே அது தெரிந்துவிடும், கோடு வீண்.

எத்தனை வண்ணம்?

நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு வண்ணத்துக்கு ஒரே பொருள், எல்லாப் பலகையிலும் அதே பொருள்: உறுதியானது, சரிபார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது, முடிவானது. தலைப்பைக் காட்ட வண்ணம் பயன்படுத்தாதீர்கள். அதற்கு இடம் இருக்கிறது. வண்ணத்துக்கான விளக்க அட்டை ஒன்று இடது மேல் மூலையில் எப்போதும் இருக்கட்டும்.

பலகை பெரிதாகிவிட்டது. உள்ளே போனால் வழி தெரியவில்லை.

அறுபது அட்டையைத் தாண்டினால் பிரிக்கும் நேரம். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் ஒரே பலகையில் குடியேறியிருக்கும். இரண்டாவது கேள்விக்குத் தனிப் பலகை போட்டு, பழைய இடத்தில் அதற்கு ஒரு இணைப்பு அட்டை மட்டும் விடுங்கள்.

படிக்கும் வழியையும் எண்ணிட்டுக் காட்டலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் இருப்பதால்தான் ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்டால் ‘பன்னிரண்டாவது வளைவில்’ என்று சொல்ல முடிகிறது. முக்கிய அட்டைகளின் தலைப்பில் 1, 2, 3 என்று போட்டுவிடுங்கள். போனில் பேசிக்கொண்டே இன்னொருவருக்கு விளக்கும்போது அதன் அருமை தெரியும்.

எழுதியது நிச்சயம் இருக்கிறது, தேடினால் வரவில்லை. ஏன்?

மூன்று காரணம்.

முதலாவது தமிழின் இயல்பு. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லே மாறுகிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது. ‘காடு’ என்று தேடினால் ‘காட்டுக்குள்’ வராது. ‘மரம்’ போன்றவற்றுக்கு ‘மர’ என்று தேடினால் இரண்டும் கிடைக்கும், கூடவே ‘மரபு’ம் வரும். ‘காடு’, ‘ஆறு’, ‘வீடு’ போன்றவற்றுக்குக் கடைசி உகரத்தை விட்டு ‘காட’, ‘ஆற’, ‘வீட’ என்று தேட வேண்டும், அதிலும் வேண்டாத சொற்கள் வரும். எனவே குறிப்பின் தலைப்பில் சொல்லை உருபில்லாமல் வையுங்கள். அடியில் ஒரு வரி: ‘தேடுசொல்: காபி, காப்பி, துளைப்பான், சேர்வராயன், ஷெவராய்’. எழுத்து வேறுபாடுகளையும் இதே வரியில் சேர்த்துவிடலாம். குறிப்புக்குப் பத்து விநாடி கூடுதல். தேடலில் அரைமணி மிச்சம்.

இரண்டாவது எழுத்துப் பிழை, கண்ணுக்குத் தெரியாத வகை. ‘கௌரி’ என்று அடிப்பதற்குப் பதில் ‘கெ’ அடித்து ‘ள’ சேர்த்துக் ‘கெளரி’ என்று பலரும் அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு சொல். துணைக்கால் வேண்டிய இடத்தில் ‘ர’ விழுவதும் அப்படித்தான். ‘பால்’ என்பது ‘பரல்’ ஆகிவிடும். ‘கொ’வில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறியாகவும் பதியலாம். சில செயலிகள் இரண்டையும் ஒன்றெனப் புரிந்துகொள்ளும், சில புரிந்துகொள்ளாது. வெளியிலிருந்து ஒட்டிய வரி தேடலில் சிக்கவில்லை என்றால், அந்தச் சொல்லை மட்டும் உங்கள் விசைப்பலகையில் புதிதாக அடித்துப் பாருங்கள்.

மூன்றாவது செயலியின் அமைப்பு. அப்சிடியனில் பலகைமேல் நேரடியாக எழுதிய அட்டை பலகைக் கோப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். தேடினால் அட்டை அல்ல, பலகையின் பெயர்தான் வரும். அட்டையில் வலச்சொடுக்கு செய்து கோப்பாக மாற்றினால்தான் அது தனிக் குறிப்பாகி, தன் பெயரிலேயே தேடலில் வரும். ஒரு வாரம் தாக்குப்பிடித்த அட்டையை எல்லாம் மாற்றிவிடுவது நல்ல பழக்கம். கோப்பின் பெயரை மாற்றுவதானால் செயலிக்குள்ளேயே மாற்றுங்கள். வெளியே ஃபோல்டரில் மாற்றினால் பலகையில் இணைப்பு அறுந்துவிடும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்புகள் நிறைய உண்டு.

ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறும், ஏனென்றால் அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்தவை. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். மாற்றியதும் பார்க்க வேண்டியவை: அடைப்புக்குறிகள், எண்கள், ஜ, ஷ, ஸ வரும் சொற்கள், நடுவே ஆங்கிலச் சொல் வந்த வரிகள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

கைப்பட எழுதிய நோட்டுகளை எப்படிச் சேர்ப்பது?

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு ஒரு படம். அகலம் 1,600 பிக்சல் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். போன் எடுக்கும் முழு அளவுப் படம் ஐம்பது சேர்ந்தால் பழைய மடிக்கணினியில் பலகை நகரவே நகராது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பார்க்காது என்பதால், படத்தின் கீழே பத்துச் சொல்லில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கூகுள் லென்ஸ் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே எடுக்கும், கையெழுத்தில் தப்பும். எல்லாப் பக்கத்தையும் தட்டச்சு செய்ய முயன்று பாதியில் நிற்பதை விட இது மேல்.

மலையில் பல இடத்தில் சிக்னல் இல்லை. போனிலும் கணினியிலும் ஒரே பலகையை வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பலகை என்பது ஒரே கோப்பு. சிக்னல் இல்லாத இடத்தில் போனில் ஒரு அட்டையை நகர்த்துகிறீர்கள், அதே நேரம் வீட்டில் மடிக்கணினியில் இன்னொருவர் ஒன்றை நகர்த்துகிறார். கீழே இறங்கி இணையம் கிடைத்ததும் ஒன்று மற்றதை அழிக்கும், அல்லது முரண் நகல் என்று இரண்டாவது கோப்பு முளைக்கும். இரண்டையும் கையால் ஒட்டுவது பெரும்பாடு.

வழி: போனில் புதுக் குறிப்பு மட்டும் எழுதுவது, பலகையைக் கணினியில் மட்டும் தொடுவது. ஒவ்வொரு குறிப்பும் தனிக் கோப்பு என்பதால் மோதலே வராது. குறிப்புக்குத் தேதியும் இடமும் பெயராக இருக்கட்டும். மாலையில் கணினியில் அவற்றைப் பலகைக்கு இழுத்துப் போட ஐந்து நிமிடம்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. நாலைந்து பேர் சேர்ந்து ஆர்டரைப் பார்க்க இது உதவுமா?

உதவும். இடமிருந்து வலம் வேலையின் கட்டங்கள்: ஆர்டர் வந்தது, வெள்ளி கொடுத்தது, பற்றவைப்பு, மெருகு, ஒப்படைப்பு. ஒரு ஆர்டருக்கு ஒரு அட்டை. மாதிரிப் படம், அளவு, ஜோடி எண்ணிக்கை, தேதி. ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை அட்டைதான் என்று வரம்பு வைத்தால், எங்கே தேங்குகிறது என்பது அன்றைக்கே தெரியும்.

எடைக் கணக்கை மட்டும் இதில் வைக்காதீர்கள். பலகைக்குக் கூட்டத் தெரியாது. கொடுத்த கிராம், திரும்பிய கிராம், சேதாரம் எல்லாம் எக்செல் தாளில் இருக்கட்டும். இணைப்பு யாரிடம் இருந்தாலும் திறக்கும் என்ற அமைப்பில் பலகையைப் பகிரவும் வேண்டாம். உங்கள் புது டிசைன் படங்கள் அதில்தான் இருக்கின்றன. மின்னஞ்சல் வாரியாக அனுமதி கொடுங்கள்.

டிஎன்பிஎஸ்சி படிப்புக்கு?

வரலாற்றுக்கு நன்றாக அமையும். இடமிருந்து வலம் ஆண்டு, மேலிருந்து கீழ் போர், நிர்வாகம், வரி என்று மூன்று வரிசை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை முதல் வரிசையில்; அதனால் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்து அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றது இரண்டாவதில்; அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோ வழியாக ரயத்துவாரி முறை (விவசாயியிடமே நேரடியாக வரி வாங்குவது) மூன்றாவதில். தனித்தனிக் கேள்வியாக மனப்பாடம் செய்தவை ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து நிற்கும்.

ஆனால் பலகையை அழகுபடுத்துவது படிப்பாகாது. வாரம் ஒரு முறை வெற்றுப் பலகை திறந்து, பழையதைப் பார்க்காமல் நினைவிலிருந்து 20 நிமிடத்தில் அடுக்கிப் பாருங்கள். விட்டுப்போன அட்டைகள்தான் அடுத்த வாரப் பாடம்.

செயலியையே நிறுவனம் நிறுத்திவிட்டால்?

நடக்கும். கூகுளின் பலகைச் செயலியான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. அதனால் மாதம் ஒரு முறை இரண்டு வடிவில் எடுத்து வையுங்கள்: கண்ணால் பார்க்க பிடிஎஃப் அல்லது படம், திரும்பத் திருத்த மூலக் கோப்பு. எக்ஸ்காலிடிராவில் படமாகச் சேமிக்கும்போது காட்சியையும் உள்ளே பதிக்கும் தெரிவைப் போட்டால் அந்தப் படத்தையே திறந்து திருத்தலாம். அப்சிடியனின் கேன்வாஸ் கோப்பு வெளிப்படையான ஜேசன் (எழுத்தாகவே சேமிக்கும் தரவு) வடிவம் என்பதால் வேறு செயலியிலும் படிக்க வழி உண்டு. பிடிஎஃப்பில் தமிழ் சிதறியிருக்கிறதா, ‘கொ’வும் ‘கை’யும் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு பக்கமாவது பெரிதாக்கிப் பாருங்கள்.

நகல் எடுத்ததோடு விடாமல், பென்டிரைவில் உள்ளதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் வந்தால், பலகைக் கோப்பை மட்டும் எடுத்திருக்கிறீர்கள், படங்களும் குறிப்புகளும் இருக்கும் ஃபோல்டரை விட்டுவிட்டீர்கள். மேல் ஃபோல்டரை முழுதாக மறுபடி எடுங்கள்.